உன்னோடு

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு வலீமா விருந்து. முற்றத்தில் பாய் விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணி போட்டு, சஹன்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர். யார் யாரோடு உட்காருவது என்று வழக்கமான சலசலப்பு. முதல் நாள் நிகாஹ் மஜ்லிஸில் கிராஅத் ஓதிய வாலிபர் மட்டும் திண்ணையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அல்குர்ஆனை முழுமையாக மனனம் செய்த ஹாபிழ். அவர் ஓதும்போது கண்கலங்காத ஆள் அந்த மஜ்லிஸில் இருக்கவில்லை.

"தம்பி, எங்கட சஹன்ல ஒரு இடம் இருக்கு, வாங்க" என்று கூப்பிட்டேன்.

"வேணாம் ஹஸ்ரத். நான் ஒரு பார்சல் எடுத்துக்கிட்டுப் போறேன். ஆறு பேருக்கு மத்தியில என்ட கை எங்க போகுமென்று எனக்குத் தெரியாது" என்றார்.

விருந்து முடிந்ததும் அவரை வீடுவரை கூட்டிச் சென்றேன். வழியில் அவர் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார்.

"எனக்கும் இருபத்தெட்டு வயசாகுது ஹஸ்ரத். எனக்கு யார் பெண் தருவாங்க?"

"அல்லாஹ் நாடினால் எல்லாம் நடக்கும் மகன்" என்று சொல்லி அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் பதில் சொல்லத் தெரியாமல் தப்பித்துக்கொள்வதற்காகவே அந்த உண்மையைச் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். அன்றிரவு நித்திரை வரவில்லை. அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் வாசித்த ஒரு நூல் நினைவுக்கு வந்தது. சஹனைக் கண்டு அஞ்சிய இன்னொரு மனிதரின் கதை அது.

சோற்றை விலக்கிய சிறுவன்

எகிப்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் தாஹா ஹுஸைனை அரபு இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். 1889 ஆம் ஆண்டு மேல் எகிப்தில் மின்யா மாகாணத்தின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் ஏழாமவர். சின்னஞ்சிறு வயதில் கண்ணோய் வந்தது. ஊர் நாவிதர் கைவைத்தியம் செய்தார். அந்த வைத்தியத்தோடு கண்ணொளியும் போய்விட்டது.

தனது வாழ்க்கைக் கதையை அவர் 'அல் அய்யாம்' என்ற நூலில் எழுதினார். அதன் முதற்பாகம் 1929 இல் நூலாக வெளிவந்தது. அதில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, ஒரு கையால் எடுப்பதற்குப் பதிலாக இரண்டு கைகளாலும் கவளத்தை எடுத்தால் என்ன என்று அந்தச் சிறுவனுக்குத் தோன்றியது. அப்படியே எடுத்தான். சகோதரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தாய் அழத் தொடங்கினாள். தந்தை மட்டும், கவளம் எடுப்பது இப்படியல்ல என்று கவலை தோய்ந்த குரலில் மெதுவாகச் சொன்னார். அன்றிரவை எப்படிக் கழித்தோம் என்பதே தனக்குத் தெரியாது என்கிறார் தாஹா ஹுஸைன்.

அன்றிலிருந்து அவர் தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டார். சூப் வேண்டாம், சோறு வேண்டாம், கரண்டியால் உண்ணும் எதுவும் வேண்டாம். இருபத்தைந்து வயதைத் தாண்டும்வரை இந்தத் தடையை அவர் நீக்கவில்லை. பிறர் பார்க்கச் சாப்பிடுவதையும் விட்டார். முதன்முதலாகக் கப்பலேறி ஐரோப்பா சென்றபோது, களைப்பாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி உணவு மண்டபத்துக்குப் போகாமல் அறையிலேயே சாப்பிட்டார்.

வாசகர்களே, ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இப்படி ஒளிந்து சாப்பிட்டவர் ஒன்பது வயது நிறையுமுன்பே அல்குர்ஆனை மனனம் செய்தவர். 1902 இல் அல் அஸ்ஹரில் சேர்ந்து ஓதியவர். கெய்ரோவில் புதிதாகத் தொடங்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் 1914 இல் டாக்டர் பட்டம் பெற்றவர். அந்தப் பல்கலைக்கழகம் வழங்கிய முதலாவது டாக்டர் பட்டம் அது. இத்தனை அறிவும் சிறப்பும் இருந்தும், நாலு பேருக்கு முன்னால் ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்கும் துணிவு வரவில்லை. அறிவு ஒரு மனிதனுக்குப் பட்டத்தைக் கொடுக்கும். தன்னை யாரும் பரிகாசம் செய்யமாட்டார்கள் என்ற நிம்மதியை இன்னொரு மனித உள்ளம்தான் கொடுக்க வேண்டும்.

அவர் டாக்டர் பட்டத்துக்காக ஆய்வு செய்ததும் ஒரு பார்வையற்ற கவிஞரைப் பற்றித்தான். சிரியாவின் மஅர்ரா நகரில் வாழ்ந்த அபுல் அலா அல்மஅர்ரி அவர். சிறுவயதில் அம்மை நோயால் கண்ணிழந்தவர். கடைசிவரை திருமணம் செய்யாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து வாழ்ந்தவர். ஒருமுறை பாகு சாப்பிட்டபோது மார்பில் வழிந்ததை மாணவர்கள் கவனித்துக் கேட்டுவிட்டார்கள் என்பதற்காக, ஆயுள் முழுதும் பாகையே தொடாமல் விட்டவர். தாஹா ஹுஸைன் தனது எதிர்காலத்தையும் அந்தக் கவிஞரின் வாழ்வில்தான் கண்டார். தனிமையான அறை, மூடிய கதவு, பெரிய அறிவு. அவ்வளவுதான் தனக்கு விதிக்கப்பட்டது என்று எண்ணினார்.

அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது.

ஒரு குரல்

1914 இன் இறுதியில் பல்கலைக்கழகம் அவரை மேற்படிப்புக்காகப் பிரான்ஸுக்கு அனுப்பியது. முதலாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த காலம். தெற்கே மொன்பெலியே நகரில் தங்கிப் படித்தார். பிரெஞ்சு நூல்களை வாசித்துக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. 1915 மே மாதத்தில் ஸூஸான் ப்ரெஸோ என்ற இளம் மாணவி அந்த வேலைக்கு வந்தார். யுத்தம் காரணமாகத் தாயோடும் சகோதரியோடும் அந்நகருக்கு வந்திருந்தவர். அதற்கு முன் அவர் வாழ்நாளில் ஒரு பார்வையற்ற மனிதரோடு பேசியதே இல்லையாம். எப்படிப் பேசுவது என்று தெரியாமல் முதல் நாள் கூச்சப்பட்டதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். தங்கள் விதி அன்று எழுதப்படுகிறது என்று இருவருக்கும் தெரியாது.

ஸூஸான் வாசித்தார். தாஹா செவிமடுத்தார். அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்ட நாளிலிருந்து தனது வாழ்வே மாறத் தொடங்கியதாக அவர் எழுதுகிறார். எங்கே எதைக் குறிப்பிட்டாலும் 'இனிய குரல்' என்றே அவரைக் குறிப்பிடுவது வழக்கம். புத்தகத்தை வாசித்ததோடு ஸூஸான் நிற்கவில்லை. வழியில் கண்ட மரத்தையும் மலையையும் மனிதரையும் அவருக்கு வர்ணித்தார். அவற்றை வர்ணித்துச் சொல்ல வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இடையில் பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை. மாணவர்களைத் திருப்பி அழைத்தார்கள். சில மாதங்கள் கெய்ரோவில் மனம் உடைந்து இருந்துவிட்டு, 1915 இன் இறுதியில் மீண்டும் பிரான்ஸ் சென்றார். இம்முறை பாரிஸ் நகரம். ஸூஸானின் குடும்பமும் அங்கே திரும்பியிருந்தது.

ஒரு நாள் தாஹா தன் உள்ளத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டார். ஸூஸான் திடுக்கிட்டார். தனக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். தனக்கும் அது தெரியும், அது நடக்காத காரியம் என்பதும் தெரியும் என்று தாஹா கவலையோடு பதில் சொன்னார். இந்த இடத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு ஒரு மரியாதை உண்டாகிறது. பாவம் பார்த்து அந்தப் பெண் 'ஆம்' என்று சொல்லவில்லை. இரக்கத்தால் கொடுக்கும் சம்மதம் ஒரு நாள் கசந்துபோகும். அவர் உண்மையைச் சொன்னார். பிறகும் அந்த நட்பை வெட்டிக்கொள்ளவில்லை. வாசிப்பும் உரையாடலும் தொடர்ந்தன. காலம் செல்லச் செல்ல அவர் உள்ளமே அவருக்கு வேறு பதிலைச் சொல்லத் தொடங்கியது. இந்த மனிதரைத்தான் மணமுடிக்க விரும்புகிறேன் என்று ஒரு நாள் வீட்டில் அறிவித்தார்.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளிலும் அதுதான் நடக்கும். அந்நிய நாட்டவன், வேறு மதத்தவன், போதாக்குறைக்குக் கண் தெரியாதவன், உனக்குப் பைத்தியமா என்ற கேள்விதான். அப்போது ஸூஸானின் மாமனார் முறையான ஒருவர் முன்வந்தார். தாயின் அல்லது தந்தையின் உடன்பிறந்தார் என்று கொள்ளுங்கள். அவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். தடுப்பதற்கு முதல் ஆளாக நிற்க வேண்டியவர் என்று யாரும் நினைப்பார்கள். அவர் செய்தது இதுதான். தாஹா ஹுஸைனைத் தனியாக அழைத்துக்கொண்டு பிரனீஸ் மலைப்பக்கம் வயல்வெளியில் இரண்டு மணிநேரம் நடந்தார். நடந்து நடந்து பேசினார். திரும்பி வந்து, நீ விரும்பியபடி செய்யலாம், பயப்படாதே, இந்த மனிதரின் உரையாடலோடு நீ என்றும் உயர்ந்துகொண்டே போகலாம் என்ற கருத்துப்பட மருமகளிடம் சொன்னார்.

1917 ஓகஸ்ட் 9 ஆம் திகதி பாரிஸில் அவர்களின் திருமணம் நடந்தது.

ஐம்பத்தாறு ஆண்டுகள்

'அல் அய்யாம்' நூலில் அந்தச் சாப்பாட்டுச் சம்பவத்தை விவரித்த இடத்திலேயே தாஹா ஹுஸைன் இன்னொன்றையும் சொல்லிவைக்கிறார். பிரான்ஸில் எங்கு தங்கினாலும் உணவை அறைக்கே வரவழைத்துத் தனியாகச் சாப்பிடும் வழக்கம் அவரிடம் இருந்தது. ஸூஸானுடன் திருமணம் நிச்சயமான பிறகுதான் அது நீங்கியது. தனக்குத் தானே போட்டுக்கொண்ட பல விலங்குகளிலிருந்து அவர்தான் தன்னை வெளியே கொண்டுவந்தார் என்கிறார். அல் அஸ்ஹராலும் பல்கலைக்கழகத்தாலும் முடியாதது, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்ட ஒரு பெண்ணால் முடிந்தது.

1919 இல் மனைவியோடும் கைக்குழந்தையான மகள் அமீனாவோடும் அவர் எகிப்து திரும்பினார். பின்னர் முஃனிஸ் என்ற மகனும் பிறந்தான். பல்கலைக்கழகப் பேராசிரியர், கலைப்பீடத்தின் பீடாதிபதி, 1950 முதல் 1952 வரை கல்வி அமைச்சர் என்று அவர் உயர்ந்தார். இரண்டாம் நிலைக் கல்வியை எகிப்தியப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்தார். அவருடைய நூல்கள் யாவும் அவர் வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியவை.

அவரது எல்லாக் கருத்துக்களும் எமக்கு உடன்பாடானவை அல்ல. 1926 இல் ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி அவர் எழுதிய நூலை உலமாக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே என் உஸ்தாத்மார் எமக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த விவாதம் வேறு. அவரது மனைவி கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். வேதம் கொடுக்கப்பட்ட பெண்களை மணமுடிக்க மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதும், அதற்குரிய நிபந்தனைகளை இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள் என்பதும் அறிந்ததே. அதுவும் இந்தக் கட்டுரையின் விடயமல்ல. ஒரு மனிதனின் கருத்தோடு முரண்பட்டுக்கொண்டே அவன் வீட்டு வாசலில் நின்று ஒரு பாடம் படிக்கலாம்.

அந்த வீட்டில் கஷ்டம் இல்லாமலில்லை. 1926 இல் எழுந்த புயல் வீட்டு வாசலுக்கு வந்தது. அரச வழக்குத்தொடுநர் விசாரித்தார். 1932 இல் அன்றைய அரசாங்கம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்நிய மண்ணில், இரண்டு பிள்ளைகளோடு, கணவனின் உத்தியோகமும் போன நிலையில் ஒரு பெண் என்ன பாடுபட்டிருப்பார்! பார்வையற்ற கணவர் என்பதால் வந்த துன்பங்கள் அல்ல இவை. எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடியவை. மாற்றுத்திறனாளியை மணந்தால் அந்த ஒரு குறையே வீட்டின் முழு வாழ்வாகிவிடும் என்று நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் அந்த வீட்டிலும் வாடகை, பிள்ளைகளின் படிப்பு, உறவினரின் மனத்தாங்கல், நாட்டு நிலைமை என்று எல்லா வீட்டுக்கும் உள்ள கவலைகள்தான்.

'அல் அய்யாம்' முதற்பாகத்தின் கடைசி அத்தியாயத்தை அவர் தன் ஒன்பது வயது மகளுக்குச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். கண்ணிழந்த அரசன் ஒருவனை அவன் மகள் கைபிடித்து அழைத்துச் செல்லும் பழைய கிரேக்கக் கதையை ஒரு நாள் மகளுக்குச் சொன்னாராம். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அழத் தொடங்கியது. தன் தந்தையும் அந்த அரசனைப் போல என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. தாயும் தந்தையும் அணைத்துத் தேற்றினார்கள். தனது துன்பத்தை இன்பமாகவும், நிராசையை நம்பிக்கையாகவும் மாற்றியவர் உன் தாய்தான் என்று அந்த மகளிடம் அவர் சொல்லி முடிக்கிறார்.

1973 ஒக்டோபர் 28 இல் தாஹா ஹுஸைன் காலமானார். திருமணமாகி ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர்கள் கடைசியாக வாழ்ந்த கீஸாவிலுள்ள 'ராமதான்' இல்லம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கணவரின் மறைவுக்குப் பிறகு ஸூஸான் தன் நினைவுகளைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். அரபு மொழிபெயர்ப்பு முதலில் வெளிவந்தது. பிரெஞ்சு மூலம் 2011 இல்தான் நூலானது. அதற்குள் ஸூஸானும் 1989 இல் மறைந்திருந்தார்.

அந்த நூலின் பெயர் என்ன தெரியுமா? 'உன்னோடு'.

'உனக்காக' என்று அவர் பெயர் வைக்கவில்லை. தன் வாழ்வை ஒரு கண்ணிழந்தவனுக்காக அர்ப்பணித்தேன், தியாகம் செய்தேன் என்று எண்ணியிருந்தால் அந்தப் பெயர்தான் வந்திருக்கும். உன்னோடு வாழ்ந்தேன், நீ போனபின் தனித்துப்போனேன் என்பதுதான் அவர் எழுதியது. கொடுத்தது போலவே பெற்றவர் எழுதும் எழுத்து அது.

நாம் பேசும் பேச்சு

இனி எம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். கால் ஊனமான ஒரு பெண்ணை ஒருவர் மணமுடித்தால் நாம் என்ன சொல்கிறோம்? "மாப்பிள்ளைக்குப் பெரிய மனசு." பார்வையற்ற ஒருவரை ஒரு பெண் மணமுடித்தால்? "பாவம், அந்தப் பிள்ளை தியாகம் பண்ணிட்டா." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்த வார்த்தை வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்று யோசிக்கிறோமா? ஒருவர் கொடையாளி, மற்றவர் யாசகர் என்று முதல் நாளிலேயே பிரித்துவிடுகிறது. சாதாரணமாக ஒரு சண்டை வந்தாலும் "உன்னைக் கட்டினதே பெரிசு" என்ற வார்த்தை நாக்கு நுனியில் காத்திருக்கும். அந்த வார்த்தையை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் விருந்துக்கு வந்துபோன நாங்கள்தான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பெண்பிள்ளைக்கு ஒரு குறை இருந்தால் சீதனம், கைக்கூலி இரண்டும் கூடுகிறது. வீடும் வேண்டும், காணியும் வேண்டும், அதற்கு மேல் ரொக்கமும் வேண்டும். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன், ஒரு பெண்ணின் காலுக்கு விலை பேசுகிறான். ஆணுக்குக் குறை இருந்தால், ஏழை வீட்டுப் பெண்ணாகப் பார்த்து, அவள் உள்ளத்தைக் கேட்காமலே பேசி முடிக்கிறார்கள். இரண்டும் கொடுக்கல் வாங்கல்தான். ஸூஸான் முதலில் 'இல்லை' என்று சொல்ல முடிந்தது. அதனால்தான் பின்னர் சொன்ன 'ஆம்' உறுதியாக இருந்தது. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வார்த்தைகளையும் சொல்லும் இடம் கொடுக்கிறோமா?

மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. எமது நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில், திருமண ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையைத் தரும் குறைகள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. பைத்தியம், தொழுநோய், வெண்குஷ்டம், இல்லற உறவுக்கே தடையான சில குறைகள். குருடும் முடமும் அந்தப் பட்டியலில் இல்லை. இமாம்கள் மறந்துபோய் விட்டுவிடவில்லை. கண்ணில்லாததாலும் காலில்லாததாலும் ஒருவர் கணவராகவோ மனைவியாகவோ இருக்கும் தகுதியை இழப்பதில்லை என்று விளங்கியே விட்டிருக்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்களின் சமூகத்தைப் பாருங்கள். அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரழி) அவர்கள் கடுமையாக நொண்டுபவர். ஆனாலும் தன் குலத்தின் தலைவர். ஹிந்த் பின்த் அம்ர் (ரழி) அவர்களின் கணவர். வீரமிக்க புதல்வர்களின் தந்தை. உஹதில் ஷஹீதானார். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் பார்வையற்றவர். மஸ்ஜிதுந் நபவியில் அதான் சொன்னவர். நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற பல சந்தர்ப்பங்களில் தமது இடத்தில் அவரை விட்டுச் சென்றார்கள். ஜுலைபீப் (ரழி) அவர்கள் தோற்றத்தால் பலரும் ஒதுக்கிய மனிதர். அவருக்காக நபியவர்கள் பெண் கேட்டபோது பெற்றோர் தயங்கினார்கள். தயங்காமல் சம்மதித்தது அந்தப் பெண்தான். பெற்றோரின் கண் ஒன்றைப் பார்க்கிறது, பிள்ளையின் உள்ளம் வேறொன்றைப் பார்க்கிறது. இது அன்றும் நடந்திருக்கிறது.

எங்கள் நாட்டிலும் இது ஒன்றிரண்டு குடும்பங்களின் பிரச்சினை அல்ல. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதாவதொன்றில் சிரமமுள்ளவர்கள். அதாவது பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். யுத்தமும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியும் எங்கள் ஊர்களில் விட்டுச் சென்ற காயங்களை நாம் அறிவோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. திருமணம் செய்து குடும்பம் நடத்தும் உரிமையையும் உள்ளடக்கிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் வாசலைத் திறந்து வைக்கலாம். பெண் கேட்டுப் போக வேண்டியது மனிதர்கள்தான்.

என் தவறு

இத்தனையும் எழுதும் நான் இந்த விடயத்தில் சுத்தமானவன் அல்லன். பல வருடங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் மஷூரா கேட்டு வந்தார். மகளுக்கு ஒரு சம்பந்தம். மாப்பிள்ளை ஆசிரியர். கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவர். மகளுக்கு விருப்பம், தாய்க்குத் தயக்கம். "மௌலவி, நீங்க செல்றதைக் கேட்கிறோம்" என்றார்.

நான் அந்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இளைஞரைப் போய்ச் சந்திக்கவில்லை. "நல்லா யோசிச்சுச் செய்யுங்க ராத்தா, நாளைக்குப் பிள்ளை கஷ்டப்படக் கூடாது" என்றேன். புத்திசாலித்தனமான பதில் என்று அப்போது நினைத்தேன். சம்பந்தம் குழம்பியது. அந்த மகள் பின்னர் நீண்ட காலம் திருமணமாகாமல் இருந்தார். அந்த ஆசிரியரை வீதியில் காணும்போதெல்லாம் அவர் முதலில் ஸலாம் சொல்கிறார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இன்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் தன் மருமகளுக்காக இரண்டு மணிநேரம் நடந்தார். நான் பத்து நிமிடம் நடந்தால் போய்ச் சேரக்கூடிய வீட்டுக்கு நடக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெற்றோர்களே, மஷூரா சொல்லும் பெரியவர்களே, உலமாக்களே, இப்படி ஒரு சம்பந்தம் வந்தால் செய்ய வேண்டியதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதலில் அந்த மனிதரைச் சந்தியுங்கள். குறையை விசாரிக்குமுன் குணத்தையும் மார்க்கப் பற்றையும் தொழிலையும் விசாரியுங்கள். எந்தக் குறையையும் மறைக்காதீர்கள். மறைத்துச் செய்யும் திருமணம் ஏமாற்று. எல்லாவற்றையும் திறந்து சொல்லுங்கள். வீட்டில் என்ன வசதி தேவை, எந்த வேலையை யார் செய்வது, வருமானம் எப்படி என்பதை வெட்கப்படாமல் பேசுங்கள். பிள்ளைகளுக்கும் அந்தக் குறை வருமா என்ற பயம் இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள், அயல் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். மார்க்கம் அனுமதித்த முறையில் இருவரும் பேசிப் பார்க்கட்டும். கடைசியாக, பிள்ளையின் பதிலைக் கேளுங்கள். 'இல்லை' என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். 'ஆம்' என்றால் தடுக்காதீர்கள். நிகாஹ் முடிந்தபிறகு 'தியாகம்' என்ற வார்த்தையை அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பார்வையற்ற ஆணுக்கு எழுதியதெல்லாம் பார்வையற்ற பெண்ணுக்கும் பொருந்தும். உண்மையில் அவளுக்கே கூடுதலாகப் பொருந்தும். குறையுள்ள ஆணுக்காவது தரகர் வீட்டுப் படியேறுகிறார். குறையுள்ள பெண்ணின் வயது கூடிக்கொண்டே போக, அவள் பெயரையே யாரும் பேச்சில் எடுப்பதில்லை. தங்கைக்குச் சம்பந்தம் பேசும் நாளில் அவளை உள் அறையில் இருத்திவைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அவளும் ஒருவரோடு வாழ ஆசைப்படும் மனுஷிதான்.

மீண்டும் ஒரு சஹன்

சென்ற வாரம் இன்னொரு வலீமா. அந்த ஹாபிழ் வாலிபரை நான் முதல் நாளே போய்ச் சொல்லிக் கூட்டி வந்தேன். என் வலது பக்கம் உட்கார வைத்தேன். பார்வையற்றவர்களுக்குத் தட்டிலுள்ளதை மணிக்கூட்டு முள் கணக்கில் சொல்லிக் கொடுக்கும் ஒரு முறை இருக்கிறது. அதன்படி காதருகே குனிந்து, "உங்களுக்கு நேரே ஆறு மணி. அதுதான் உங்கட பக்கம். பன்னிரண்டு மணிப் பக்கம் இறைச்சி, நடுவில. ஒன்பது மணிப் பக்கம் நான்" என்றேன்.

அவர் கை ஒருமுறை தயங்கியது. பிறகு தன் பக்கத்திலிருந்து ஒரு கவளம் எடுத்தது. யாரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்த பெரியவர் ஒருவர் ஓர் இறைச்சித் துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தார். அப்படியே எனக்கும் ஒரு துண்டு வைத்தார். சஹனில் அதுதானே வழக்கம்.

அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் முழுமையான பதில் சொல்லவில்லை. ஆனால் இம்முறை தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அடுத்த கிழமை அஸருக்குப் பிறகு நானும் அவருமாக ஒரு வீட்டுக்கு நடந்து போகிறோம். அங்கே அவரோடு பேச விரும்பும் ஒரு தகப்பனும், தன் பதிலைத் தானே சொல்லத் தெரிந்த ஒரு மகளும் இருக்கிறார்கள். அந்த மகள் 'ஆம்' என்பாரா 'இல்லை' என்பாரா எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் அது இரக்கத்தால் வந்த பதிலாக இருக்கக் கூடாது என்றுதான் துஆச் செய்கிறேன். நீங்களும் துஆச் செய்யுங்கள்.